செவ்வாய்ச் சந்தைக்குப் போன வடிவம்மா

ஒரு ஊர்ல ஒரு கல்லு இருந்துச்சு. வழியில கிடந்து காலை இடறுற கல்லு இல்ல, சந்தைக் கல்லு. அந்த ஊரு இங்கிலாந்துல இருக்கு, பேரு ஆல்டன்பரி. கீழ ஒரு ஆறு, மேல ஒரு பச்சை மலை, நடுவுல ஊரு. அங்க வீடெல்லாம் எப்படி இருக்கும் தெரியுமா? வெள்ளைச் சுவர்ல கறுப்புக் கறுப்பா மரச்சட்டம். மாடி மட்டும் கொஞ்சம் தெருப்பக்கமா எட்டிப் பார்க்கும். எதிர்வீட்டு மாடியும் எட்டிப் பார்க்கும். ரெண்டும் ரகசியம் பேசற மாதிரி இருக்கும். ம் கொட்டு, அப்பதான் நீ கேக்கறேன்னு எனக்குத் தெரியும்.

“ம்.”

ஊருக்கு நடுவுல ஒரு சந்தை மண்டபம். மேல ஓட்டுக் கூரை, கீழ பன்னெண்டு கல் தூணு. சுவரே கிடையாது. எண்ணூறு வருஷமா செவ்வாய்க்கிழமை தவறாம அங்க சந்தை. ஒவ்வொரு தூணுக்குப் பக்கத்துலயும் தரையில ஒரு சதுரக் கல்லு. ஒரு கல்லுக்கு ஒரு கடை.

அந்தச் சந்தைக்கு ஒரு சட்டம் உண்டு. சந்தையைப் பார்த்துக்கிறவர் ஹோலிஸ்னு ஒருத்தர். வெள்ளை மீசை, உயரத் தொப்பி, கையில பித்தளை மணி. காலைல ஒம்பது மணி ஆனதும் அவர் மணியை ஒம்பது தடவை அடிப்பார். ஒம்பதாவது அடி விழறதுக்குள்ள, கடைக்காரங்களோட பொருள் ஏதாவது ஒண்ணு அந்தக் கல்லு மேல இருக்கணும். இல்லேன்னா கல்லு போச்சு! வரிசையில காத்துக்கிட்டிருக்கிற அடுத்த ஆளுக்குப் போயிடும். அன்னிக்கு மட்டும் இல்ல, என்னிக்குமே.

“போன் பண்ணிச் சொன்னா?”

போன் பண்ணினாலும் செல்லாது, காய்ச்சல்னு சீட்டு அனுப்பினாலும் செல்லாது. எண்ணூறு வருஷச் சட்டமாச்சே, அப்ப போன் ஏது?

மூணாவது தூண் கல்லு மேபல்னு ஒரு அம்மாவோடது. எழுபது வயசு. மாமியாரோட மாமியார் காலத்துலேர்ந்து அவங்க வீட்டுல அந்தக் கல்லுல இஞ்சி கேக் விக்கிறாங்க. மேபல் வீடு மலை மேல. தனி ஆளு. வாரம் பூரா பேச்சுத் துணைக்குக் கோழிதான். செவ்வாய்க்கிழமை சந்தைக்கு வந்தாத்தான் நாலு மனுஷங்க முகத்தைப் பார்க்கலாம், வம்பு பேசலாம், சிரிக்கலாம். கல்லு போச்சுன்னா அதுவும் போச்சு.

அப்போ, பக்கத்து வீட்டுக்கு நம்ம ஊர்லேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க. பேரு வடிவம்மா. சாத்தூர் தபாலாபீஸ்ல முப்பது வருஷம் வேலை பார்த்தவங்க. மகள் குழலி அங்க நர்ஸ். மகளோட ரெண்டு மாசம் இருந்துட்டுப் போகலாம்னு வந்தாங்க. குழலி காலைல ஆறு மணிக்கே காரை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிடுவா. வடிவம்மா ஜன்னல் வழியா மலையைப் பார்ப்பாங்க, ஆட்டைப் பார்ப்பாங்க, மழையைப் பார்ப்பாங்க. ஊரைத்தான் இன்னும் பார்க்கல.

அங்கெல்லாம் வயசானவங்களையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. வடிவம்மாவுக்கு அது வாயில வரல. “மேபல் அக்கா”ன்னு கூப்பிட்டாங்க. மேபலுக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. “இந்தச் செவ்வாய்க்கிழமை என்கூட வா வடிவூ, எங்க சந்தையைக் காட்டறேன்”னு சொன்னாங்க. அவங்க இங்கிலீஷ்லதான் சொன்னாங்க. உனக்காக நான் தமிழ்ல சொல்றேன்.

“ம்.”

செவ்வாய்க்கிழமை வந்துச்சு. வடிவம்மா கத்தரிப்பூ கலர் சேலை கட்டி, குழலியோட ரப்பர் பூட்ஸை மாட்டி, சளப் சளப்னு மேபல் வீட்டுக்குப் போனாங்க. பார்த்தா, மேபல் சமையல்கட்டுத் தரையில உக்காந்திருக்காங்க. முட்டை எடுக்கப் போய் வழுக்கித் தொப்புன்னு விழுந்து, கணுக்கால் இட்லி மாதிரி உப்பிப் போச்சு.

“அய்யோ அக்கா!”

“கால் கிடக்கட்டும். என் கல்லு!”னு மேபல் அழ ஆரம்பிச்சுட்டாங்க. “கார் ஓட்ட முடியாது. பஸ் பத்து மணிக்குத்தான். என் கல்லுக்காக டாப்ஸ் நாலு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கான்.”

டாப்ஸ் யாருன்னா, மெழுகுவர்த்தி விக்கிறவன். கெட்டவன் இல்ல. பாவம், அவனுக்குக் கல்லே கிடையாது. மழையில நின்னுதான் விப்பான்.

வடிவம்மா ஐஸை ஒரு துணியில கட்டிக் கணுக்கால்ல வச்சாங்க. காலுக்கு ஒரு தலையணை கொடுத்தாங்க. அப்புறம் சொன்னாங்க: “கூடையைக் கொடுங்க. பார்சலைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது எனக்கு என்ன புதுசா?”

“வயல் வழியா ஒத்தையடிப் பாதை இருக்கு. ஒரு மணி நேரம் நடை. ஆறு கேக் போதும், இடத்தைப் பிடிச்சிட்டாப் போதும். மிச்சத்தை நான் பஸ்ல கொண்டு வந்துடுவேன்.”

சர்ச் கடிகாரம் எட்டு அடிச்சுது. வடிவம்மா கிளம்பிட்டாங்க.

முதல்ல ஒரு வேலி வந்துச்சு. அதுக்குக் கதவே இல்ல. இந்தப் பக்கம் ரெண்டு மரப்படி, அந்தப் பக்கம் ரெண்டு மரப்படி. மனுஷன் ஏறி இறங்கலாம், மாட்டால முடியாது. வடிவம்மா கூடையை அந்தப் பக்கம் இறக்கி வச்சு, சேலையைத் தூக்கிச் செருகி, ஒரு காலைப் போட்டாங்க. முந்தானை ஆணியில மாட்டிக்கிச்சு. இழுத்தா வரல. அவசரப்பட்டா கிழியும். நின்னு நிதானமா எடுத்து விட்டு, இறங்கி, நடந்தாங்க. சளப் சளப் சளப்.

“ம்.”

அப்புறம் ஒரு புல்வெளி. அதுல இளமாடு பத்துப் பன்னெண்டு. மனுஷனைக் கண்டா அதுகளுக்கு வேடிக்கை. திபுதிபுன்னு ஓடி வந்து சுத்தி நின்னுக்கிச்சு. புஸ்... புஸ்ஸுன்னு மூச்சு விட்டு இஞ்சி வாசனை பிடிக்குது. ஒண்ணு கூடைக்குள்ளயே மூக்கை விடப் பார்த்துச்சு. “போ, தள்ளிப் போ”ன்னா போகல. “ஹை ஹை”ன்னாலும் போகல. அது இங்கிலாந்து மாடு, ஹை ஹைன்னா அதுக்கு என்ன தெரியும்? வடிவம்மாவுக்குக் கோபம் வந்துடுச்சு. மணியார்டர் வாங்க முண்டியடிக்கிற கூட்டத்தைப் பார்த்துப் போடுவாங்களே, அந்தக் குரல்ல ஒரு அதட்டு: “எல்லாரும் வரிசையில நில்லுங்க!”

மாடெல்லாம் அப்படியே நின்னுடுச்சு. ஒண்ணு மட்டும் ரெண்டடி பின்னாடி போய் நின்னுச்சு. வடிவம்மா அதுக்குத் தலையாட்டிட்டு நடுவால நடந்தாங்க.

சிரிச்சது போதும், கேளு.

அப்புறம் ஒரு பெரிய இரும்புக் கதவு. முள்வேலிக்கு நடுவுல, பப்பரப்பான்னு திறந்து கிடந்துச்சு. “என்ன ஜனங்க இவங்க? இப்படித் திறந்து போட்டா ஆடு பயிர்ல மேயாதா?”ன்னு வடிவம்மா கதவை இழுத்து, கிளாங்! கொண்டியைப் போட்டாங்க. நல்லது பண்ணின திருப்தியில மலையிறக்கத்துல கால் வேகமாப் போச்சு. கீழ ஊர் தெரிஞ்சுது. சந்தை மண்டபத்துக் கூரை தெரிஞ்சுது. கலர் கலராக் கடைக்குடை தெரிஞ்சுது. இன்னும் கால் மணி நேரம் நடந்தாப் போய்ச் சேர்ந்துடலாம்.

அப்போ பின்னாடிலேர்ந்து ஒரு சத்தம். “மே...” சின்னக் குரல். உடனே ஒரு பெரிய குரல், “ம்மே!” அப்புறம் பத்துக் குரல், இருபது குரல்.

திரும்பிப் பார்த்தாங்க. தாய் ஆடெல்லாம் கதவுக்கு இந்தப் பக்கம், ஓடையில தண்ணி குடிக்க இறங்கினதுங்க. குட்டியெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம். பொறந்து ரெண்டு வாரம்கூட இருக்காது. கம்பிக்கு நடுவுல மூக்கை விட்டுக்கிட்டு அழுதுக்கிட்டிருக்கு.

“தாய் ஆடு வேற வழியாப் போகாதா?”

வேற வழி இல்லடி கண்ணு, ரெண்டு பக்கமும் அடர்த்தியான முள்ளு. சந்தை நாள்ல மலை மேல சாயங்காலம் வரைக்கும் யாரும் வரவும் மாட்டாங்க.

வடிவம்மா ஊரைப் பார்த்தாங்க. கதவைப் பார்த்தாங்க. மேபல் அக்கா தரையில உக்காந்து அழுத முகம் கண்ணுக்கு முன்னாடி வந்துச்சு. மேல குட்டிங்க “மே”ங்குது. சர்ச் கடிகாரம் டிங் டாங்னு முக்கால் மணி அடிக்குது. ஒம்பதுக்கு இன்னும் பதினஞ்சே நிமிஷம்.

“மூடினது இந்தக் கைதானே”ன்னு சொல்லிட்டு, விறுவிறுன்னு மேடேறினாங்க. மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்குது. கதவுல ஒரு குட்டிப் பலகை: ‘கதவு இருந்தபடியே இருக்கட்டும்.’ முப்பது வருஷம் ஒரு விலாசம் விடாமப் படிச்ச அம்மா, இதைப் படிக்காமப் போயிட்டாங்க! கொண்டியை எடுத்தாங்க. கிளாங்! குட்டிங்க குபுகுபுன்னு ஓடி வந்துச்சு. ஒவ்வொண்ணும் தன் தாயைக் கண்டுபிடிச்சு, மடியை முட்டி முட்டிப் பால் குடிச்சுச்சு. சப் சப் சப்.

நின்னு பார்க்க நேரம் இல்ல. அப்புறம் பாரு, ஓட்டம்! கூடை இடுப்புல, பூட்ஸ் தபதபதப, முந்தானை பின்னாடி பறக்குது. ஆத்துப் பாலம் தாண்டியாச்சு. கருங்கல் பாவின சந்துல திரும்பியாச்சு. மண்டபம் வந்தாச்சு.

டிங்! ஒண்ணு.

ஹோலிஸ் மணி அடிக்க ஆரம்பிச்சுட்டார். மூணாவது கல்லு காலி. டாப்ஸ் ஒரு மெழுகுவர்த்திப் பெட்டியைக் கையில வச்சுக்கிட்டுக் கல்லு ஓரமா நிக்கிறான்.

டிங்! ரெண்டு. டிங்! மூணு.

வடிவம்மா கூட்டத்துக்குள்ள நுழைஞ்சாங்க. “வழி விடுங்க, வழி விடுங்க!” பூச்செடி வண்டி ஒண்ணு குறுக்க நிக்குது. இந்தப் பக்கம் ரொட்டி வாங்கற வரிசை, அந்தப் பக்கம் முட்டை அடுக்கு. தட்டி விட்டா அவ்வளவுதான்.

நாலு. அஞ்சு. ஆறு.

பறந்துதான் போகணும். ஆளால பறக்க முடியாதே!

ஏழு.

கூடையில கேக்குக்கு மேல மேபலோட மேஜைத்துணி மடிச்சு வச்சிருந்துச்சு. வடிவம்மா அதை எடுத்தாங்க, கையில சுருட்டினாங்க.

எட்டு.

சர்ர்ருன்னு வீசினாங்க! துணி பூச்செடிக்கு மேல பறந்து, முட்டைக்கு மேல பறந்து, ஹோலிஸ் தொப்பியை ஒரசிக்கிட்டுப் போய், காத்துல விரிஞ்சு, பொத்துன்னு கல்லு மேல விழுந்துச்சு. ஒரு முனை டாப்ஸோட ஷூ மேல.

டிங்! ஒம்பது.

எல்லார் கண்ணும் துணி மேல.

“இது துணி”ன்னான் டாப்ஸ். “கேக் எங்க? ஆளு எங்க?”

“இதோ வந்துட்டேன்!”னு வடிவம்மா மூச்சு வாங்க வந்து நின்னாங்க. “மேபல் அக்காவுக்குக் கால் சுளுக்கு. கடைக்கு முதல்ல வர்றது துணிதானே தம்பி? எங்க ஊர்ல பஸ்ல இப்படித்தான் இடம் பிடிப்போம். ஜன்னல் வழியாத் துண்டைப் போட்டுடுவோம். துண்டு விழுந்துட்டா இடம் அவங்களுது. ஆளு மெதுவா வருவாங்க.”

ஹோலிஸ் மீசையைத் தடவினார். “யாரும் துண்டை எடுத்துப் போட்டுட்டு உக்கார மாட்டாங்களா?”

“சண்டை வந்துடும்!”

கூட்டத்துல களுக்குன்னு சிரிப்பு. ஹோலிஸ் பையிலேர்ந்து சட்டப் புத்தகத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டி, ஒவ்வொரு வரியாப் படிச்சார். ‘கடைக்காரரின் பொருள் ஏதாவது ஒன்று.’ அப்புறம் மண்டி போட்டுத் துணியைத் திருப்பிப் பார்த்தார். ஓரத்துல சிவப்பு நூல்ல மேபல்னு தைச்சிருந்துச்சு.

“பொருள் மேபலோடது. ஒம்பதுக்கு முன்னாடி விழுந்தது. செல்லும்!”

டாப்ஸ் முகம் வாடிடுச்சு. ஆனாலும் ஷூ மேல கிடந்த முனையை எடுத்து, நேரா இழுத்து விட்டான். வடிவம்மா முதல் கேக்கை வெட்டி அவனுக்குத்தான் கொடுத்தாங்க.

பத்தே கால் மணிக்கு பஸ் வந்துச்சு. மேபல் ஒரு கம்பை ஊனி நொண்டி நொண்டி வந்தாங்க. தூரத்துலேர்ந்தே பார்த்துட்டாங்க. மூணாவது கல்லுல ஒரு இரவல் மேஜை, மேஜை மேல அவங்க துணி, துணிக்குப் பின்னாடி வடிவம்மா, “வாங்க வாங்க, சூடா இல்லேன்னாலும் ருசியா இருக்கும்”னு கூப்பிட்டுக்கிட்டு நிக்கிறாங்க.

வடிவம்மா நடந்ததெல்லாம் சொன்னாங்க. கதவை மூடினதையும் மறைக்காமச் சொன்னாங்க. மேபல் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க.

“எல்லாக் குட்டியும் தாயோட சேர்ந்துடுச்சா?”

“சேர்ந்துடுச்சு அக்கா.”

“அப்ப சரி. போ, போய் ஊரைச் சுத்திப் பாரு.”

வடிவம்மா ஒரு துண்டு இஞ்சி கேக்கைக் கையில வச்சுக்கிட்டு, எட்டிப் பார்க்கிற மாடிங்களுக்குக் கீழ, மெதுவா, யாருக்கும் எதுக்கும் ஓடாம நடந்தாங்க.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஹோலிஸ் எட்டாவது மணி அடிச்சார் பாரு, கூட்டத்துக்குள்ளேர்ந்து சர்ர், சர்ர், சர்ர்ருன்னு அஞ்சு துணி பறந்து வந்துச்சு. அஞ்சாவது துணி டாப்ஸோடது. தேன் விக்கிறவர் அன்னிக்குத் தூங்கிப் போயிட்டாராம், அவரோட ஏழாவது கல்லு காலியாக் கிடந்துச்சு. சரியா அது மேலயே போய் விழுந்துச்சு. ஒம்பதாவது மணியோட அந்தக் கல்லு டாப்ஸுக்கு, இனி மழையில நிக்க வேண்டாம்.

ம் கொட்டு. ...சரி, கொட்ட வேண்டாம்.

சந்தை கலைஞ்சுது, கதையும் கலைஞ்சுது, கண்ணை மூடித் தூங்கு.