கிழிந்த சூத்திரம்

"வீட்டுல நிக்கிற சூத்திரம் பரீட்சையில நிக்க மாட்டேங்குது டீச்சர். ஒரு வழி சொல்லணும்" என்றான் சுடலைமணி.

முப்பதைத் தாண்டியவன். எம்.சி.ஏ. நுழைவுத் தேர்வில் இரண்டு முறை மண்ணைக் கவ்வியவன். இந்தத் தடவையும் போனால் மாமனாரின் சிமென்ட் கடையில்தான் உட்கார வேண்டும்.

பெனிட்டா டீச்சர் அவனைவிட இளையவள். பாளையங்கோட்டையில் ஒரு மாடியறையில் கணக்கு சொல்லித் தருகிறவள். இதுவரை எப்படிப் படித்தீர்கள் என்று கேட்டாள்.

அதில் அவன் ஒரு குறையும் வைக்கவில்லை. ஃப்ரிட்ஜில் முக்கோணவியல், பீரோவில் நுண்கணிதம், குளியலறைக் கதவில் இயற்கணிதம் என்று வீடு முழுக்கச் சீட்டு ஒட்டியிருந்தான். போகிறபோதும் வருகிறபோதும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பான்.

"அப்புறம் என்ன அண்ணாச்சி?"

"பரீட்சை ஹால்ல உக்காந்தா குளியலறைக் கதவு அப்படியே கண்ணுல வருது. ஆணி வருது. ஆணியில தொங்குற துண்டும் வருது. சூத்திரம் மட்டும் துண்டுக்குப் பின்னால மாட்டிக்கிடுது டீச்சர்."

சிரிப்பை அடக்கப் பெனிட்டா உதட்டைக் கடித்துக்கொண்டதை அவன் பார்த்துவிட்டான்.

அவன் சட்டைப்பையில் இருந்த ஒரு சதுரச் சீட்டைக் கேட்டு வாங்கினாள். a² – b² = (a + b)(a – b) என்று பச்சை மையில் எழுதியிருந்தது. அதன் மூலையில் ஒரு சின்னச் சதுரத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

அவன் பதறிப்போனான். "சூத்திரத்தைக் கிழிச்சுட்டியளே டீச்சர்."

"பெரிய சதுரத்துல சின்னச் சதுரம் போயாச்சு. மிச்சத்தை ஒரே ஒரு தடவை கிழிச்சு, செவ்வகமாச் சேருங்க அண்ணாச்சி."

திருப்பினான், புரட்டினான், வெகுநேரம் திருதிருவென்று முழித்தான். கடைசியில் மேலே நீட்டிக்கொண்டிருந்த பகுதியைக் கிழித்துத் திருப்பிக் கீழ்ப்பகுதியின் பக்கத்தில் வைத்தான். செவ்வகம் வந்தது. நீளத்தை விரலால் தடவிப் பார்த்தான். பெரிய சதுரத்தின் பக்கமும் சின்னச் சதுரத்தின் பக்கமும் சேர்ந்திருந்தன, a + b. அகலத்தைத் தடவினான். பெரியதில் சின்னது போக மிச்சம், a – b.

அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை காலம் இதை ஒப்பித்தோமே, ஒருநாளாவது பார்த்தோமா என்று வெட்கமாகவும் இருந்தது.

"இதை எங்க ஒட்டட்டும் டீச்சர்?"

பெனிட்டா அதையும் வாங்கிக் குப்பையில் போட்டாள்.

தேர்வு வந்தது. ஒன்றிலிருந்து n வரை எல்லா எண்களையும் கூட்டும் சூத்திரம் ஒரு கேள்விக்கு வேண்டியிருந்தது. சுடலைமணிக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. மாமனாரின் முகம் மட்டும் தெளிவாக ஞாபகம் வந்தது.

வியர்வையைத் துடைத்துக்கொண்டான். ரஃப் தாளில் படிக்கட்டு மாதிரி கட்டங்கள் போட்டான். முதல் படியில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று. அதேபோல இன்னொரு படிக்கட்டும் போட்டான். இரண்டையும் கிழித்தெடுத்து, ஒன்றைத் தலைகீழாக்கி மற்றதோடு பொருத்தினான். செவ்வகம் வந்தது, அதில் பாதிதான் அவனுக்கு வேண்டிய கூட்டல்.

சத்தம் கேட்டு மேற்பார்வையாளர் ஓடிவந்தார். பரீட்சை ஹாலில் உட்கார்ந்து என்ன கிழிக்கிறீர்கள் என்று அதட்டினார்.

சுடலைமணி தலை நிமிரவில்லை.

"சூத்திரம் மறந்துபோச்சு சார். ஒண்ணு செஞ்சுக்கிட்டிருக்கேன்."