ஆளுக்குப் பாதி கேட்டவர்கள்

கிட்ட வந்து உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. சொல்லச் சொல்ல வயிறு எரியும்.

கரிசல்காட்டு ஊர் ஒன்றில் குருவம்மா என்று ஒருத்தி. ஐப்பசியில் இடி விழுந்து புருசன் போன பிறகு அவள் காதுக்குள் ஒரு குரல் பேச ஆரம்பித்தது. "கிணத்துக்குள்ள இருக்கேன், வா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அண்ணன் அழகுமலையும், நாத்தனார் முத்துராக்கும் சேர்ந்துதான் அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார்: "மாத்திரைய நீங்களா நிறுத்தக் கூடாது. இவங்களத் தனியா விடவும் கூடாது. நாலு பேரோட பேசிப் பழகட்டும்."

ஒரே பேச்சு. ரெண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்டார்கள். பஸ் ஊருக்கு வருவதற்குள் ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக்கொண்டார்கள்.

அண்ணன் மாத்திரையைப் பிடித்துக்கொண்டான். வேளை தவறவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். குரலும் அடங்கியது. ஆனால் "ஊர் சிரிக்கும்ல?" என்று கதவை வெளியே பூட்டி, சாவியைத் துண்டு முனையில் முடிந்துகொண்டான். சோற்றுத் தட்டு ஜன்னல் வழியே உள்ளே போகும். கோழியைக்கூடப் பகலில் திறந்து விடுவார்களே! குருவம்மா ஒருநாள் எறும்பிடம் பேசிப் பார்த்தாள், தனக்குத் தொண்டை இன்னும் இருக்கிறதா என்று.

பொறுக்க மாட்டாமல் முத்துராக்கு, அவன் சந்தைக்குப் போன நேரம் பார்த்துப் பெண்களோடு வந்து பூட்டை உடைத்தாள். தலை வாரிவிட்டு, கடலை பிடுங்கக் காட்டுக்குக் கூட்டிப் போனார்கள்.

"ஏ மதினி, ஒங்க அண்ணன் அந்தச் சாவியத்தான் கட்டிக்கிட்டாராக்கும்?" என்று கேலி செய்தாள் முத்துராக்கு.

குருவம்மா சிரித்தே விட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த சந்தோசத்தில் நாத்தனார் செய்த வேலையைக் கேளுங்கள்: "நாங்க இருக்கும்போது இந்தக் கருமம் எதுக்கு? மாத்திரை தின்னா பைத்தியம்னுல்ல பேரு!" என்று அத்தனையையும் ஊர்க்கிணற்றில் வீசினாள். கடலை வீடு வந்து சேருமுன் குரல் திரும்பி வந்தது. சிரிப்புக்கு நடுவிலேயே குருவம்மா எழுந்து போய் அதே கிணற்றின் விளிம்பில் நின்றாள். ஓடிவந்து இழுத்தது அண்ணன். மறுபடி மாத்திரை, மறுபடி பூட்டு.

பங்குனிப் பொங்கல் வந்தது. அந்த ஊரில் நவதானியம் விதைத்த முளைப்பாரிச் சட்டிகளை இருட்டறையில் வைத்து, பெண்கள் தினமும் தண்ணீர் தெளித்து, சுற்றி நின்று கும்மி அடிப்பார்கள். பொங்கலன்று தலையில் ஏந்தி வெளியே கொண்டுவருவார்கள். மதினிக்கும் ஒரு சட்டி போட்டிருந்தாள் முத்துராக்கு. அதைத் தூக்க அவளை விடலாமா என்று கோயில் வாசலில் சண்டை. ஊர்த் தலைவர் சொன்னதால் அண்ணன் அவளையும் அங்கே கூட்டி வந்திருந்தான்.

"உசுரக் காப்பாத்துனது என் மாத்திரை. என் வாசலத் தாண்டக் கூடாது!"

"வாயத் திறக்க வெச்சது நாங்க. எங்ககூட இருக்கட்டும். மாத்திரை மட்டும் ஆகாது!"

ஊர்த் தலைவர் தொண்டையைச் செருமினார். "ஏத்தா, ரெண்டுல ஒரு பக்கம் சொல்லு. சாமி முன்னால சத்தியம் பண்ணு. அப்புறம் மாறக் கூடாது."

நடுவில் நின்றவளை அதுவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டபோதும் கேள்வி இந்த லட்சணம்!

அண்ணன் பக்கம் போனால் உயிர் இருக்கும், மனுசியாக இருக்க மாட்டாள். நாத்தனார் பக்கம் போனால் மனுசியாக இருப்பாள், எத்தனை நாளைக்கு? இந்த இருவரில் யார் செய்தது சரி? குருவம்மா யார் பக்கம் சத்தியம் செய்ய வேண்டும்? யோசித்துவிட்டு மேலே வாருங்கள்.

அவள் யார் பக்கமும் சத்தியம் செய்யவில்லை. தன் சட்டியைத் தொட்டு, "தண்ணி தெளிக்காம வெறுங் கும்மி அடிச்சா இத வளத்தீக?" என்று நாத்தனாரைக் கேட்டாள். "தண்ணியத் தெளிச்சுப் பொங்கலுக்கும் உள்ளயே பூட்டி வெச்சா, இது யாருக்குண்ணே?" என்று அண்ணனைக் கேட்டாள். அண்ணனிடம் மாத்திரையை வாங்கி, நாத்தனார் செம்புத் தண்ணீரில் விழுங்கினாள். மீதியைத் தன் முந்தானையில் முடிந்தாள். அண்ணன் துண்டிலிருந்த முடிச்சைத் தானே அவிழ்த்தாள். முளைப்பாரியைத் தலையில் ஏற்றிக்கொண்டு பெண்களோடு நடந்து, ஊர்க்கிணறு வந்ததும், மாத்திரை விழுந்த அதே தண்ணீரில் சாவியைப் போட்டாள்.