பெர்சியுஸின் முகம்

"இவன் முகம் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது, ஐயா," என்றாள் ஓனொரின்.

பிரான்ஸில், லியோன் நகரத்தில், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டுப் படம் அச்சிடும் வேலையை அவள் கஸ்பாரிடம் கற்றுவந்தாள். அவளுக்கு ஐம்பது வயது. ஆசிரியருக்கு முப்பது.

படத்தில் ஒரு பழைய கிரேக்கக் கதை. கடல் பூதத்துக்குப் பலியாக ஓர் இளவரசியைப் பாறையில் கட்டிவிடுகிறார்கள். சிறகு முளைத்த செருப்பணிந்து பறந்து வந்து அவளை மீட்கிறான் பெர்சியுஸ்.

கஸ்பார் படத்தைப் பார்த்தார். பூதத்தின் வாய் பயமுறுத்தியது. அலை சீறியது.

"பெர்சியுஸ் அழகாக இருக்கிறான்."

"அதுதான் தொல்லை. வீரம் காட்டினால் சிலையாகிவிடுகிறான். கருணை காட்டினால் பாதிரியார் ஆகிவிடுகிறான். சுரண்டிச் சுரண்டித் தகடே தேய்ந்துவிட்டது. எனக்கு இந்த வேலை வராது ஐயா. இன்றோடு விட்டுவிடுகிறேன்."

"சரி. ஆற்றங்கரை வரை வாருங்கள்."

நல்ல வெயில். சோன் ஆற்றங்கரையில் ஒரு படகு கட்டிக் கிடந்தது. கஸ்பார் அதன் விளிம்பில் ஏறி நடந்தார். சட்டென்று கைகளை விரித்தபடி ஆற்றில் விழுந்தார்.

தலை மறைந்தது.

மறுநொடி ஓனொரினும் தண்ணீருக்குள் இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு துழாவினாள். கையில் அகப்பட்ட தலைமுடியைப் பிடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தாள்.

கஸ்பார் எழுந்து நின்றார். தண்ணீர் அவர் இடுப்பளவுதான் இருந்தது.

அவள் தன் காலைக் கீழே ஊன்றிப் பார்த்தாள். தரை தட்டுப்பட்டது. திட்டத்தான் வாயைத் திறந்தாள், சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் ஆற்றில் நின்றபடி வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"முடியை விடுங்கள் அம்மா. வலிக்கிறது."

விட்டாள்.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"குதித்தபோது உங்கள் முகம் எப்படி இருந்தது?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"பெர்சியுஸுக்கும் தெரியாது. வீரமோ கருணையோ காட்ட அவனுக்கு நேரம் ஏது?"

ஓனொரின் அவரையே பார்த்தாள். பிறகு ஈரப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையேறினாள். பட்டறை வரை ஓடினாள்.