நாற்பத்தாறு புளியங்கொட்டைகள்

“ஒரு வேலைக்குத்தான் நாள் இருக்கு, அம்மா. எந்த வேலைன்னு தெரியல” என்றார் மாதையன்.

மழைநீரையும் மண்ணையும் காக்க ஊர் கூடி அமைத்த நீர்வடிப்பகுதிக் குழுவுக்கு அவர் தலைவர். கேட்டது, கரடு என்னும் கல்குன்றின் உச்சியில் தனியாக வாழும் துறவியிடம். ஊரார் கரட்டம்மா என்பார்கள். மாதையனைவிடப் பத்து வயது இளையவர். அன்று உப்பு வாங்கக் கீழே வந்திருந்தார்.

“அவ்வளவு அவசரமா?”

“மழைக்கு மூணு வாரம். அதுக்குள்ள மண்ணு வர்றதை நிறுத்தலேன்னா ஏரி இந்த வருஷமும் தூர்ந்துடும். நடவு கிடையாது. இப்பவே ஏரிக்குள்ள ஆடு மேயுது.”

“ஊரைக் கேட்டீங்களா?”

“கேட்டோம். கோலப்பொடியில ஓடை, நிலம், ஏரி எல்லாம் தரையில வரைஞ்சோம். வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை குடுத்து, முதல் வேலை எங்க நடக்கணுமோ அங்க வைக்கச் சொன்னோம்.”

“எங்க வச்சாங்க?”

“அவங்கவங்க நிலத்துல. நாப்பத்தாறு வீடு, நாப்பத்தாறு இடம்.”

“உங்க கொட்டை?”

மாதையன் தொண்டையைச் செருமினார்.

“என் கிணத்தோரம்.”

கரட்டம்மா உப்பை மடியில் முடிந்துகொண்டார்.

“ஏரியிலிருந்து ஓடையோட மேல நடங்க. பார்க்கிறவங்களை எல்லாம், இந்த மண்ணு எங்கிருந்து வருதுன்னு கேளுங்க.”

“அது போதுமா?”

கரட்டம்மா போய்விட்டார்.

மாதையனுக்கு இருந்த குழப்பம் இரண்டாயிற்று.

மறுநாள் காலை நடந்தார். ஏரிக்கு மேலே முதல் நிலம் தீர்த்தகிரியுடையது.

“தலைவரே, ஓட்டுக் கேட்டு வர்றீங்களா?”

“மண்ணைக் கேட்டு வர்றேன். எங்கிருந்துடா வருது இவ்வளவு?”

“மேல சாலம்மா வரப்பை உடைச்சு விடுறா. வேற எங்கிருந்து வரும்?”

அடுத்த நிலத்தில் சாலம்மாள் களைக்கொத்தோடு நிமிர்ந்தார்.

“நான் உடைச்சேனா? அதுவா உடையுது. மேலேருந்து வர்றதை முந்தானையிலயா பிடிச்சு வைப்பேன்? தலைவர்னு இருக்கீங்க, மேல போய்ப் பாருங்க.”

ஓடையோரம் அதற்கு மேலே யாருக்கும் நிலம் இல்லை. கரடுதான். அங்கே யாரும் கொட்டை வைக்கவில்லை.

ஏற ஏற ஓடை குறுகிப் பள்ளமாயிற்று. இடுப்பளவு ஆழம். இரு பக்கமும் செம்மண் புதிதாகச் சரிந்து கிடந்தது. இது எப்போது வந்தது என்று அவருக்குப் புரியவில்லை.

இன்னும் ஏறினார். பள்ளம் ஆழம் குறைந்து, கோடு போட்டதுபோல் நேராக உச்சிக்குப் போயிற்று.

அவருடைய கால்தான் முதலில் கண்டுகொண்டது.

இது கரட்டம்மாவிடம் போகும் பாதை. கோயில் பக்கமாக வந்து இந்த இடத்தில்தான் மாதையன் பாதையில் சேர்வார். இதற்குக் கீழே திரும்பிப் பார்த்ததே இல்லை.

ஏழு வருஷமாக, ஒவ்வொரு பௌர்ணமிக்கு முன்பும், அவரும் மற்ற சீடர்களும் இதைச் சுத்தம் செய்தார்கள். அம்மாவைப் பார்க்க வருகிறவர்களின் காலில் குத்தக்கூடாதென்று புல்லைச் செதுக்கினார்கள். கல்லைப் பெயர்த்து உருட்டிவிட்டார்கள். வளைவுகளை நேராக்கினார்கள்; மழைத்தண்ணீருக்கும் அதுவே நேர்வழியாயிற்று. சேவையில் மாதையனை அடிக்க ஆளில்லை என்று ஊரில் பேச்சு.

உச்சிக்குச் சற்றுக் கீழே, பாதையின் குறுக்கே கரட்டம்மா கல் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு வரிசை முடிந்திருந்தது. கையில் ரத்தம்.

“தெரிஞ்சுதான் என்னை அனுப்பினீங்களா?”

“இல்ல. நீங்க கேட்டப்புறம் நேத்து தரையைப் பார்த்துக்கிட்டே ஏறினேன். ஏழு வருஷத்துல முதல் தடவை.”

மாதையன் திரும்பிக் கீழே பள்ளத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“எதுவரைக்கும் அடைக்கணும்?”

“முழுசும்.”

“முழுசும் அடைச்சுட்டா, உங்களைப் பார்க்க நான் எப்படி வருவேன்?”

கரட்டம்மா ஒரு கல்லைத் தூக்கி அவர் கையில் வைத்தார்.

“சுத்திக்கிட்டு வாங்கண்ணே.”