பேச்சிமுத்துவின் வேம்பு

தீர்ப்புச் சொல்லத் தெரிந்தவர்கள் கொஞ்சம் கிட்ட வாருங்கள். சமாசாரம் அப்படி.

கரிசல் பூமியில் ஒரு மில். சமூகப் பொறுப்பு என்று சொல்லி, ஊர்ப் பொட்டலில் தன் பணியாளர்கள் பெயரில் ஆளுக்கொரு வேப்பங்கன்று நட்டார்கள். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு பெயர்ப்பலகை. பட்டியல் கொடுத்த பணியாளர் அதிகாரி ஜெயசீலி, அவசரத்தில் பழைய வருகைப் பதிவேட்டைப் பார்த்து எழுதிவிட்டாள். அதில் பேச்சிமுத்து இருந்தான். அவன் இயந்திரத்தில் சிக்கிச் செத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அப்படி ஒருவன் எங்களிடம் வேலை பார்க்கவே இல்லை என்று மில் விசாரணையில் கடிதம் கொடுத்துச் சாதித்திருந்தது. அந்தக் கடிதத்தில் கையெழுத்தும் ஜெயசீலியுடையதுதான்.

கோடையில் எல்லாக் கன்றும் கருகின, மேலாளர் கோதண்டபாணியுடையது உட்பட. பேச்சிமுத்துவின் கன்று மட்டும் ஆளுயரம் வளர்ந்தது. உச்சி வெயிலிலும் அதன் அடிமண் ஈரமாகவே இருந்தது. தண்ணீர் ஊற்றுவது யார் என்று தோட்டக்காரர் உச்சிமாகாளியிடம் ஜெயசீலி கேட்டாள்.

“நான் அந்தப் பக்கமே போறதில்லம்மா. போனா யாரோ பக்கத்துல நின்னு மூச்சு விடுற மாதிரி இருக்கு.”

அவள் அன்றே பேச்சிமுத்துவின் பலகையைக் கழற்றி மேசைக்குள் பூட்டினாள். மறுநாளே மரம் துவண்டுவிட்டது.

அன்று பார்த்து, மரம் நட்டதற்கு விருது கொடுக்கும் குழு பார்வையிட வருகிறது. கோதண்டபாணிக்குச் சமூகப் பொறுப்பு என்றால் ஆண்டறிக்கையில் ஒரு வண்ணப்படம். பலகையை மாட்டு, மரம் நிமிரட்டும், அவர்கள் போனதும் கழற்றிவிடு என்றார். உச்சிமாகாளியின் நியாயம் வேறு. ஊருக்கு மரம் வைக்கிற மில் முதலில் செத்தவனைத் தன் ஆள் என்று ஒப்புக்கொள்ளட்டும் என்றார்.

“பலகைய அவன் பொண்டாட்டிகிட்டயே குடுத்துருங்கம்மா.”

அவன் மனைவி இசக்கி, வாரிசு வேலை கேட்டு வெள்ளிதோறும் மில் வாசலில் நிற்பவள். அன்றும் நின்றாள்.

நடுப்பகலில் ஜெயசீலி பலகையோடு மரத்தடிக்குப் போனாள். காற்று துளியும் இல்லை. ஆனாலும் இலைகள் அத்தனையும் அவள் பக்கம் திரும்பின. மில்லைப் பகைத்தால் அவள் பிழைப்பு போய்விடும்.

மேலாளர் சொன்னதைச் செய்வதா, தோட்டக்காரர் சொன்னதைச் செய்வதா, பலகையை உடைத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பதா? எது சரி?

விடை: மூன்றுமே இல்லை. உச்சிமாகாளியின் மனசு சுத்தம்தான். ஆனால் பலகையில் யார் பெயரையும் யாரும் எழுதலாம், அதை நம்பி இசக்கிக்கு யார் வேலை கொடுப்பார்கள்? பேச்சிமுத்து அங்கே உழைத்ததற்குச் சாட்சி அந்தப் பழைய பதிவேடு. ஜெயசீலி அதைக் கொண்டுவந்து இசக்கியிடம் கொடுத்தாள். தான் கையெழுத்திட்டது பொய் என்றும் எழுதிக் கொடுத்தாள். மழைக்காலத்தில் இசக்கி வேலைக்குச் சேர்ந்தாள். அந்த மழைக்கு மில் புதிதாக நட்ட கன்றுகளில் ஜெயசீலியின் பெயர் இல்லை.