நசுங்காத எலுமிச்சம்பழம்

"சாமி, என் காவியைத் திருப்பி வாங்கிக்கிடுங்க. நான் இதுக்கு லாயக்கில்ல."

"என்னவே ஆச்சு?"

"முன்னால போகணும்னுதான் நெனச்சேன். பின்னால போயிட்டேன்."

"அது கியர்வே."

"கியர் இல்ல சாமி. வினை."

சிற்றம்பலச் சாமி கண்ணை மூடிக்கொண்டார். தியானத்துக்காக மூடவில்லை.

தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் சின்ன மடம் அது. சாமிக்கு ஞானம் வந்து வெகுகாலம் ஆகிறது என்று ஊரில் சொல்வார்கள். கோபம் அதற்கும் முன்பே வந்து குடியேறிவிட்டது. பிறகு வந்த ஞானம் அதைக் காலி செய்யச் சொல்லவில்லை.

காவியைத் திருப்பிக் கொடுக்க வந்து நின்ற குத்தாலிங்கம் அவருடைய சீடர். சாமியைவிட நான்கு வயது மூத்தவர். மடத்தில் வண்டி ஓட்டத் தெரிந்த ஒரே ஆள்.

அன்று காலை மடத்துக்குப் புதுக் கார் வந்திருந்தது. அரிசி ஆலைக்காரர் ஒருவர் வாங்கிக் கொடுத்தது. மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் சுற்றி, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். குத்தாலிங்கம் காரை முன்னால் எடுத்துப் பழத்தை நசுக்க வேண்டும். மனுஷனுக்கு அன்றைக்கு இருந்த வேலையே அவ்வளவுதான்.

அவர் கியரைப் போட்டார். கார் பின்னால் பாய்ந்தது.

பந்தல் கால் முறிந்தது. சாமியானா மொத்தமும் ஆலைக்காரர் தலையில் இறங்கியது. துணிக்குள் இருந்துகொண்டு அவர் போட்ட சத்தத்தில் மடத்து மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

யாருக்கும் அடி இல்லை. பழம் நான்கும் வைத்த இடத்தில் வைத்தபடி, மஞ்சளாக, முழுசாகக் கிடந்தன.

அதைப் பார்த்த பிறகுதான் எல்லாரும் அபசகுனம் என்றார்கள்.

இதில் வினையும் இல்லை, விதியும் இல்லை. மடத்தின் பழைய வேன் முந்தின நாள்தான் காயலான் கடைக்குப் போனது. அதில் ஃபர்ஸ்ட் கியர் லேசில் விழாது. தோளைக் கொடுத்து இடப்பக்கம் தள்ளி, பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஏற்ற வேண்டும். புதுக் காரில் அப்படித் தள்ளினால் ஃபர்ஸ்டைத் தாண்டி, அதற்கும் இடப்பக்கம் இருக்கிற ரிவர்ஸில் போய் விழும்.

கார்க் கம்பெனி ஆள் கியர்க் குமிழின் மேலிருந்த படத்தை முன்னாலேயே தொட்டுத் தொட்டுக் காட்டியிருந்தான். குத்தாலிங்கம் தலையை ஆட்டினார். ஆட்டியது தலை. கை கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

மத்தியானம் ஆலைக்காரர் தலையில் திருநீறு பூசிக்கொண்டு வந்தார்.

"சாமி, பழம் நசுங்கல. அமாவாசை கழிச்சு ஒரு ஹோமம் பண்ணிட்டுத்தான் வண்டியத் தொடணும்."

"நாளைக்கு ஆவுடைக்கு ஆஸ்பத்திரி."

"அதுக்கு?"

"அவளுக்கு ரெண்டு சிறுநீரகமும் போயிட்டு. ரத்தத்த மிஷின்ல விட்டு எடுக்கணும். அந்த மிஷினுக்கு அமாவாசை தெரியாது."

ஆவுடையம்மாள் மடத்துக்குப் பூ கட்டித் தருகிறவள். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவதுதான் வேனின் முக்கியமான வேலையாக இருந்தது. போன தடவை வேன் நின்றுவிட்டதால் பஸ்ஸில் போனாள். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்து, பூக்கூடைக்காரிகள் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். இனி பஸ் கூடாது, சிகிச்சையை ஒரு தடவைகூட விடவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஏதாவது ஆச்சுன்னா ஊரு என்னையத்தான் சொல்லும்" என்றார் ஆலைக்காரர்.

"அவ செத்தா யாரைச் சொல்லும்?"

ஆலைக்காரர் செருப்பைத் தேடினார்.

சாமி குத்தாலிங்கத்தைத் தேடிப் போனார். சீடர் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இடது கையைத் துண்டால் மார்போடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார்.

"இது என்னவே?"

"விரதம் சாமி. இந்தக் கைதான் தப்பு பண்ணுச்சு. இனிமே இது ஒண்ணும் செய்யக்கூடாது."

"காலையில கொல்லைக்குப் போனா என்ன செய்வீரு?"

குத்தாலிங்கம் அதை யோசித்திருக்கவில்லை.

"நாளைக்கு வண்டிய யாரு ஓட்டுவா?"

"எனக்குத் தகுதி இல்ல சாமி. மொதல்ல மனசச் சுத்தம் பண்ணணும்."

"அவளுக்கு ரத்தம் சுத்தமாகணும்வே. உம்ம மனசு அடுத்த வாரம் ஆகட்டும்."

"என் உள்ளுக்குள்ள ஏதோ பின்னால போகணும்னு நெனைக்குது. இல்லன்னா கை ஏன் அங்க போகணும்?"

"தெரியாது."

"போன ஜென்மத்துல..."

"வே, வாய மூடும்."

சாமி விறுவிறுவென்று நடந்து போய்விட்டார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரிந்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது. அவருக்கு சைக்கிள்கூட வராது. அந்த ஆத்திரமும் அவருக்குச் சேர்ந்துகொண்டது.

விடிந்தது. கார் நேற்று நின்ற இடத்திலேயே, மாலை வாடி நின்றது. குத்தாலிங்கம் கட்டிய கையோடு மண்டபத்தில் அதே இடத்தில் இருந்தார். முகம் காய்ந்து போயிருந்தது.

சாமி ஒரு செம்போடு வந்தார்.

குத்தாலிங்கம் எழுந்து வலது கையை நீட்டினார். சாமி ஊற்றவில்லை.

"தீர்த்தத்த ஒத்தக் கையாலயா வாங்குவீரு?"

குத்தாலிங்கம் செம்பைப் பார்த்தார். சாமியைப் பார்த்தார். பிறகு பல்லால் முடிச்சை இழுத்து அவிழ்த்தார். மரத்துப்போன இடது கையை வலது கைக்கு அடியில் வைத்தார்.

குடித்தார். புளித்தது, இனித்தது. ஒரு செம்பும் காலியாயிற்று.

"எலுமிச்சம்பழமா சாமி?"

"ஆமா."

"எந்தப் பழம்?"

"டயருக்கு முன்னால கெடந்தது. கழுவிட்டுத்தான் பிழிஞ்சேன்."

குத்தாலிங்கத்துக்குப் புரை ஏறியது.

"சாமி, அது நசுங்காத பழம்..."

"நசுக்கியாச்சு. நீரு குடிச்சும் ஆச்சு. கெளம்பும்."

தெருவில் ஆவுடையம்மாள் வந்துகொண்டிருந்தாள். கையில் ஒரு துணிப்பை, கால் இரண்டும் வீங்கியிருந்தன. வந்து கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவள் அபசகுனத்தைப் பற்றிக் கேட்கவில்லை. உட்கார இடம் கிடைத்தால் போதும் என்கிற முகம். பின்சீட்டில் ஏறிச் சாய்ந்து கண்ணை மூடினாள்.

அவளைப் பார்த்துவிட்டுக் குத்தாலிங்கத்தால் சும்மா நிற்க முடியவில்லை. உள்ளே ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"சாமி, மறுபடியும் பின்னால போயிட்டா?"

சாமி காருக்குப் பின்னால் போனார். முறிந்த பந்தல் காலைத் தூக்கி வேலியோரம் எறிந்தார். சாமியானா துணியைச் சுருட்டித் தள்ளினார். ஒரு பெஞ்சை இழுத்து ஓரம் போட்டார். அங்கே மேய்ந்த இரண்டு கோழியை மேல்துண்டால் விரட்டினார். பிறகு கையைத் தட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தார்.

"போனாப் போம். அங்க ஒண்ணுமில்ல."

குத்தாலிங்கம் கிளட்சை மிதித்தார். தோளைக் கொடுத்தார். பல்லைக் கடித்தார். தள்ளி ஏற்றினார்.

கார் பின்னால் போனது.

நின்றது. எதிலும் இடிக்கவில்லை. சாமி தலையில் அடித்துக்கொண்டார்.

குத்தாலிங்கம் மறுபடி போட்டார். தோள், பல், தள்ளு. மறுபடியும் பின்னால். இப்போது கார் மாட்டுக் கொட்டில் வாசலுக்கு வந்திருந்தது. சாமி கூடவே நடந்து வந்தார்.

"பாத்தியளா சாமி" என்றார் குத்தாலிங்கம். கண் நிறைந்துவிட்டது. "நான் சொன்னேன்லா."

"வண்டி ஓட்டுத வித்தை எனக்குத் தெரியாது. ஒண்ணு கேக்கேன், சொல்லும்."

"கேளுங்க."

"அந்த வேன் காயலான் கடைக்குப் போயிட்டுல்லா?"

"போயிட்டு."

"அப்பம் யாரவே இந்தத் தள்ளு தள்ளுதீரு?"

குத்தாலிங்கம் தன் தோளைப் பார்த்தார். அது காது வரைக்கும் ஏறி நின்றது.

அதை இறக்கினார். கையைக் குமிழிலிருந்து எடுத்து மடியில் துடைத்தார். பிறகு இரண்டு விரலால் தொட்டார்.

சற்று நேரம் கழித்து, கண்ணை மூடியபடியே ஆவுடையம்மாள் கேட்டாள்.

"அண்ணாச்சி, எப்பம் எடுப்பீக?"

கார் தெருமுனையைத் தாண்டியிருந்தது.