ஒற்றை லைனும் ஓர் அண்டா மோரும்

"இன்வெர்ட்டர் மேல ஒரு குத்தமும் இல்ல மேடம். லைனுதான் சரியில்ல" என்றார் இசக்கியப்பன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். ஆனால் பல்கீஸ் மேடம் அதைச் சொல்லவில்லை. சிரித்ததோடு சரி.

இசக்கியப்பனுக்குத் தலை நரைத்துவிட்டது. மேடத்துக்கோ அவருடைய மூத்த மகள் வயசு. இருந்தாலும் அந்தச் சூரிய மின் நிலையத்தில் குரு மேடம்தான், கைகட்டி நிற்பவர் இசக்கியப்பன்தான். வித்தைக்கு வயசு ஏது?

நிலையத்திலிருந்து வெளியே இரண்டு மின் லைன்கள் போகின்றன. தகடுகளில் பிறக்கும் மின்சாரத்தை அந்த லைன்களின் தாளத்துக்கு மாற்றி அனுப்புவது இன்வெர்ட்டர்களின் வேலை. சாயங்காலம் சோதனை அதிகாரி வருவார். ஒரு லைனை நிறுத்திவிட்டு, மிச்சமுள்ள ஒற்றை லைனில் நிலையம் நிற்கிறதா என்று பார்ப்பார். போன தடவை இன்வெர்ட்டர்கள் எல்லாம் ஆட்டம் போட்டுப் படுத்துவிட்டன.

இன்றும் படுத்தால் இசக்கியப்பனுக்கு ஸ்டோர்தான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஸ்டோர் என்றால் நட்டு போல்ட்டுக்குக் காவல்.

"லைன் இம்மி அசைஞ்சாலும் இன்வெர்ட்டர் உடனே திருத்தும் மேடம். அப்படி வச்சிருக்கேன். ரெண்டு லைன் இருக்கையில சொக்கத்தங்கம். ஒண்ண எடுத்தா மட்டும் ஏன் ஆடுது?"

"அண்ணாச்சி, தகடு கழுவுறவங்களுக்கு மோர் போகணும். இந்தத் தண்டைப் பிடிங்க."

அந்த நிலையத்தில் அது வழக்கம். நடுவில் அண்டாவைக் கயிற்றில் தொங்கவிட்டு, மூங்கில் தண்டை இரண்டு பேர் தோளில் சுமப்பார்கள். அதிகாரியானாலும் முறை வந்தால் சுமக்க வேண்டும். நேற்று இசக்கியப்பன் சமையல்கார அந்தோணியோடு சுமந்தார். அந்தோணி ஆள் மலை மாதிரி. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

இன்று முன்னால் பல்கீஸ் மேடம். காற்றடித்தால் பறந்துவிடுகிற உடம்பு.

நாலடி வைப்பதற்குள் அண்டா இடது பக்கம் ஆடியது. இசக்கியப்பன் சட்டென்று தண்டை வலது பக்கம் தள்ளினார். மேடத்தின் தோளும் வலது பக்கம் போனது, அண்டாவும் கூடவே போனது. இசக்கியப்பன் இடது பக்கம் இழுத்தார். அண்டா இன்னும் பெரிதாக ஆடி, மோர் அவர் வேட்டியில் கொட்டியது.

"மேடம், நேரா நடங்க!"

"நான் எங்க நடக்கேன்? நீங்க தள்ளுத பக்கமெல்லாம் போய்க்கிட்டிருக்கேன்."

"நேத்தும் இப்படித்தானே பிடிச்சேன்!"

"நேத்து முன்னால நின்னது அந்தோணியில்லா, அசைவாரா!"

மறுபடியும் மோர் கொட்டியது. தகடு கழுவும் பெண்கள் வாளியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஒருத்தி, "அண்ணாச்சி, எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க!" என்று கத்தினாள்.

வெட்கத்தில் இசக்கியப்பன் அப்படியே நின்றுவிட்டார். தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

அண்டா ஒரு தடவை ஆடியது. அடுத்தது அதில் பாதி. பிறகு தானாக ஓய்ந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தண்டைப் பக்கத்திலிருந்த பெண்ணின் தோளில் வைத்துவிட்டு, நனைந்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கண்ட்ரோல் ரூமுக்கு ஓடினார். லைன் அசைந்ததும் பாயாமல் கொஞ்சம் பொறுத்துத் திருத்தும்படி, ஒவ்வொரு இன்வெர்ட்டராக அதன் அவசரத்தைக் குறைத்து வைத்தார்.

சாயங்காலம் அதிகாரி வந்தார். ஒரு லைனை நிறுத்தச் சொன்னார்.

திரையில் மின்சாரத்தைக் காட்டும் கோடு துள்ளியது. இசக்கியப்பனுக்கு உயிரே போய்விட்டது. வலது கை கீபோர்டை நோக்கிப் பாய்ந்தது. அதைப் பிடித்திழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்தார். இடது கை கிளம்பியது. அதன்மேலும் உட்கார்ந்தார். கோடு இன்னொரு தடவை, அதில் பாதி துள்ளிவிட்டு, தானாக ஓய ஆரம்பித்தது.

அதிகாரி திரையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "என்ன சார், ஒண்ணும் பண்ணாம இருக்கீங்க?"

"பண்ணிக்கிட்டேதான் சார் இருக்கேன்" என்றார் இசக்கியப்பன், நெற்றியில் வேர்வை வழிய.